நான்காவதும் ஐந்தாவதும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். தெற்குச் சுவரோரம், புத்தர் படத்துக்குக் கீழே, நோட்டுப் புத்தகத்தோடு அன்பு. அவனுக்கு எதிரே அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ராஜமாணிக்கம். சன்னலை ஒட்டிக் கன்னியம்மா. அவளுக்குப் பக்கத்தில் ராபின், ஒரு காலை நீட்டிக்கொண்டு. அடுப்படி நிலைப்படியில், டீ பாத்திரத்தில் ஒரு கண்ணும் கூட்டத்தில் ஒரு கண்ணுமாக, அன்புவின் மனைவி குணசுந்தரி. அன்புவின் வலது பக்கம், ஒரு முழம் தள்ளி, புதிதாக வருகிறவருக்கென்று விரிக்கும் புதியவர் பாய். அதில் சடையப்பன்.

இந்த வரிசையைக் குணசுந்தரி காவல் நிலையத்தில் ஒருமுறை, மாஜிஸ்திரேட் முன்னால் ஒருமுறை, வக்கீலிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட ஆள் இடம் மாறவில்லை. ஆனால் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார்.

"முன்னபின்ன தெரியாத ஆளப் போயி ஏம்மா பக்கத்துலயே உக்கார வெச்சீங்க?"

அதுதான் அவர்கள் வழக்கம். ராஜமாணிக்கத்தின் சிமெண்ட் ஷீட் வீட்டுக்கு நாற்பதடி தள்ளிக் கொல்கத்தா நெடுஞ்சாலை. எளாவூர் சோதனைச்சாவடியை நோக்கி லாரிகள் பகலெல்லாம் உறுமிக்கொண்டு நகரும். பின்னால் உட்கார்ந்தவன் காதில் பாதிதான் விழும். பழகியவர்களுக்குப் பாதி போதும், புதிதாக வந்தவனுக்கு முழுசும் விழவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை புத்தரின் ஐந்து சீலங்களை வாசிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. யார் நுழைந்தாலும் வாசிக்கிறவன் பக்கத்துப் பாய் அவனுக்கு. வாசிக்கிறவன் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்லவேண்டும். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுக்கவேண்டும்.

"சோறு போட்டா ராத்திரிக்கு மறுபடி பசிக்கும்" என்பான் அன்பு. "இது அப்படி இல்ல. ஆனா ஒண்ணு, அடுத்தவனுக்குச் சொல்லாம நம்ம கையிலயே வெச்சிகினோம்னு வெச்சிக்கோ, கெட்டுப்பூடும்."

அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வினை வந்தது. அன்புவும் ராபினும் வேலை பார்த்த இரும்பு உருக்காலையில் கிரேன் சங்கிலி அறுந்து, கொதிக்கிற இரும்புக் குழம்பு ஒரு வடக்கத்திப் பையன் மேல் கொட்டியது. அள்ளிக்கொண்டு போக முழு உடம்பாக எதுவும் இல்லை. பையன் குடித்திருந்தான் என்று எல்லாரும் சொல்லவேண்டும் என்றான் ஆள் எடுக்கும் காண்டிராக்டர். எல்லாரும் சொன்னார்கள். கிரேன் ஓட்டுகிற ராபின் மட்டும், சங்கிலி தேய்ந்திருந்தது, மூன்று முறை எழுதிக் கொடுத்தேன் என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னான். கழுத்தில் சிலுவை போட்டிருந்த ராபின், பொய் சொல்லமாட்டேன் என்ற நான்காவது சீலத்தை அன்பு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சரியாக ஆறு வாரம் ஆகியிருந்தது. பாடம் சொன்ன வாயைத்தான் அடைக்கவேண்டும் என்று காண்டிராக்டர் கணக்குப் போட்டான்.

சடையப்பன் வந்தபோது செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டான். கையில் நீளமாக ஒரு சாக்குப் பொட்டலம்.

"இன்னாப்பா அது?" என்றாள் கன்னியம்மா.

"தூண்டில் கம்பு, பெரியம்மா. பழவேற்காட்டுக்குப் போறேன்."

"மீன் புடிக்கறவனா? மொத சீலத்துலயே மாட்டினியே! உக்காரு, உக்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். குணசுந்தரி டம்ளரைக் கையில் கொடுத்து, "சக்கர போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்க்கா."

கேட்டவனுக்கு இங்கே இல்லை என்று சொல்லமாட்டோம் என்று அவனிடம் சொல்லிவிட்டு அன்பு தொடங்கினான். உயிரைக் கொல்லமாட்டேன். சடையப்பன் திருப்பிச் சொன்னான். கொடுக்காததை எடுக்கமாட்டேன். சொன்னான். தகாத உறவுக்குப் போகமாட்டேன். சொன்னான். நான்காவதற்கு அன்பு மூச்சை இழுத்தபோது வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று மூன்று முறை ஹாரன் அடித்தது. சடையப்பன் காலி டம்ளரைத் தட்டிவிடாமல் ஓரமாக நகர்த்தி வைத்தான். சாக்கை உதறினான்.

முதல் வெட்டு அன்புவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல ஒரு சத்தம். ரத்தம் சுவரில் புத்தர் படம் வரைக்கும் தெறித்தது. இரண்டாவது வெட்டுக்குக் குறுக்கே பாய்ந்த ராபின், அரிவாளின் வாயையே வலது கையால் பிடித்தான். அவனுடைய இரண்டு விரல்கள் பாயில் விழுந்து துடித்தன. மூன்றாவது வெட்டு மறுபடி அன்புவின் கழுத்தில். குணசுந்தரி கொதித்துக்கொண்டிருந்த டீ பாத்திரத்தைக் காதோடு தூக்கிச் சடையப்பனின் முகத்தில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ரத்தத்திலும் டீயிலும் வழுக்கி விழுந்தவனை ராஜமாணிக்கம் விறகுக்கட்டையால் முட்டியில் போட்டார். எலும்பு முறிந்தது உள்ளே வரைக்கும் கேட்டது. மோட்டார் சைக்கிள் அவனை விட்டுவிட்டுப் பறந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அன்பு குணசுந்தரியின் மடியில் அடங்கினான். நான்காவதற்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. துணி கட்டித்தான் மூடினார்கள்.

ஐந்து மாதம் கழித்துப் புழல் சிறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்து முத்திரை குத்தியிருந்தார்கள்.

'அக்கா, மூஞ்சில சூடு பட்ட எடம் ஆறிடுச்சி. ஒரு கண்ணு தெரியல. அன்னிக்கு மூணுதான் கேட்டேன். மீதி ரெண்டு இன்னான்னு எழுதி அனுப்புவீங்களா. கேட்டவனுக்கு இல்லன்னு சொல்ல மாட்டோம்னு அண்ணன் சொன்னாரு. மன்னிப்பு கேக்கல. கேக்கற மூஞ்சி இல்ல.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குணசுந்தரி கடிதத்தை எடுத்துக்கொண்டு ராஜமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனாள். அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். தெற்குச் சுவரோரம் காலி. புதியவர் பாயை எரித்து நாளாகியிருந்தது.

"ரெண்டு வேணுமாமா?" ராபின் மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினான். "என்னுத ரெண்டு எடுத்துகினு போனான்ல, அதயே வெச்சிக்கச் சொல்லு."

"நீ சொன்னதுமே வக்கீலுகிட்ட கேட்டேன், வேணாம்னுட்டாரும்மா" என்றார் ராஜமாணிக்கம். "ஜாமீன் மனுவுல இத சொருவி, செத்தவன் பொண்டாட்டியே சமாதானமாப் பூட்டா பாருங்கன்னுவானுங்க. அவன் வெளிய வந்தான்னா மொதல்ல சாட்சியத்தான் தேடுவான். மொத சாட்சி நீதான்."

கன்னியம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "கொல்லமாட்டேன்னு வாயால சொல்லிட்டுத்தான வெட்டினான். மீதி ரெண்டையும் கேட்டு இன்னா கிழிக்கப்போறான்?"

ராபின் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான். லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்துத் தேய்த்துச் செய்த கத்தி. "பதினெட்டாம் தேதி பொன்னேரி கோர்ட்டுக்குக் கூட்டியாரானுங்க. வேன்லருந்து எறங்கி படியேற இருவது அடி. எனக்கு அது போதும்."

யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. குணசுந்தரியும் சொல்லவில்லை. அந்தக் கத்தியைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து மீன் அரியும்போது அரிவாள்மணையில் அவள் அறுத்தது மீனை இல்லை. எத்தனையோ நாளாக அப்படித்தான். ஒவ்வொரு தலையும் சடையப்பனுடைய தலை. ஆனால் இன்றைக்கு அதைவிட ருசியான ஒன்று கையில் கிடைத்திருந்தது. அவன் ஒன்றைக் கேட்கிறான். அது தன்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். ஒற்றைக் கண்ணோடு கம்பிக்குப் பின்னால் சாகிறவரை அவன் அந்த இரண்டுக்காகக் காத்துக் கிடக்கட்டும்.

மீன் செதில் ஒட்டிய கையோடு அவள் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அன்பு மூச்சை இழுத்தான். நான்காவது வெளியே வரவில்லை. அது வெளியே வரக்கூடாது என்றுதான் காண்டிராக்டர் ஆள் அனுப்பினான். இப்போது அதைத் தொண்டையிலேயே அடைத்து வைக்கப் பார்ப்பது யார்? அரிவாள் விட்ட குறையைத் தன் கையால் முடிக்கப் பார்க்கிறோமே என்று நினைத்தவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

கையைக் கழுவிவிட்டு எழுதினாள். கவரைப்பேட்டைப் பள்ளியில் படித்த முறைப்படி. அனுப்புநர். பெறுநர். பொருள்: மீதி இரண்டு சீலங்கள்.

'நான்காவது: பொய் சொல்லமாட்டேன். இதைச் சொல்லிக்கொடுத்ததற்காகத்தான் என் கணவரைக் கொல்ல உன்னை அனுப்பினார்கள். அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. இந்த வரியை மட்டும் தினமும் படி.

ஐந்தாவது: அறிவை மயக்கும் எதையும் தொடமாட்டேன். அன்றைக்கு டீ கொடுத்தபோது உன் வாயில் சாராய வாடை வந்தது. தெரிந்தும் கொடுத்தேன்.

நீ வெட்டினாய். நான் பார்த்தேன். கோர்ட்டில் அதைச் சொல்வேன். உனக்குத் தண்டனை கேட்பேன். நான் உன்னை மன்னிக்கவில்லை, இது சமாதானக் கடிதமும் இல்லை. நீ கேட்டாய், கொடுத்தேன். உள்ளே யாராவது உன்னிடம் கேட்டால் நீயும் இல்லை என்று சொல்லக் கூடாது.'

கார்பன் வைத்து எழுதிய நகலை வக்கீலுக்கென்று மடித்து வைத்தாள். மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி தபால் நிலையத்துக்குப் போக ராபினைத்தான் வண்டி எடுக்கச் சொன்னாள். அங்கே இறங்கியதும் வாசலில் கடிதத்தை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தவன் முகம் கறுத்தது.

"உனுக்கு இன்னா பைத்தியமாக்கா?"

"நீ மொத மொத வந்த அன்னிக்கு அவர அடிக்கத்தான வந்த? முட்டக் குடிச்சிட்டு அந்தப் பாயிலயே வாந்தி எடுத்த. அவரு தொடச்சிட்டு மறுபடி மொதல்லருந்து சொன்னாரு."

"நான் யாரையும் வெட்டலியே."

"பதினெட்டாந்தேதி வெட்டப்போறல்ல?"

ராபின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கத்தி அவன் இடுப்பில்தான் இருந்தது.

உள்ளே மேசை மேல் பசைக் கிண்ணம் பாதி காய்ந்து கிடந்தது. குணசுந்தரி விரலால் வழித்து உறையின் ஓரத்தில் தடவினாள். மின்விசிறிக் காற்றில் மடல் எழும்பி எழும்பி நின்றது.

"கொஞ்சம் அமுக்கிப் புடி, ராபின்."

அவன் நின்றான். பிறகு வலது கையை நீட்டி, இருந்த மூன்று விரலால் மடலை அழுத்திக்கொண்டான். பசை பிடிக்கும்வரை எடுக்கவில்லை.

"ஸ்பீடு போஸ்ட்" என்றாள் அவள்.

கவுண்டர்க்காரர் முகவரியைப் படித்துவிட்டு ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார். எடை போட்டார்.

"சார்" என்றான் ராபின். "பதினெட்டுக்குள்ள போய்ச் சேந்துடுமா?"

"புழல் தானே? ரெண்டு நாள்."

முத்திரை ஓங்கி விழுந்தது. அவர் உறையைப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் போட்டார்.