பரவாயில்லீங்க சிஸ்டர்

லோகப்பிரியா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எவ்வளவு வலிச்சாலும் நான் கத்த மாட்டேனுங்க நங்கையா. நீங்களும் அங்க யாருகிட்டயும் சத்தம் போடக்கூடாதுங்க. சத்தியம் பண்ணுங்க."

அவள் என் தம்பி சரவணனின் மனைவி. கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லடத்துத் தறிக்குடோனில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் கத்தித்தான் ஆக வேண்டும். அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்த பிறகும் இறங்குவதில்லை. அப்படிப்பட்ட என்னிடம் போய் இந்தச் சத்தியத்தை வாங்கினாள்.

காரணம் இருந்தது. முதல் பிரசவத்துக்கு அந்தியூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வலி பொறுக்காமல் கத்தியிருக்கிறாள். அங்கிருந்த நர்ஸ் தொடையில் பளாரென்று ஒன்று வைத்து, "புருசங்கூடப் படுக்கும்போது இப்படித்தான் கத்துனியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறாள். பையன் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டான். இவளுக்கு அந்தப் பேச்சு மட்டும் மறக்கவில்லை. இரண்டாவது தரித்ததும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

வலி தெரியாமல் முதுகில் போடுகிற ஊசி தங்கள் ஆஸ்பத்திரியில் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கோயமுத்தூரில் பிரசவ வலியைச் சமாளிக்கப் பழக்குகிற ஏதோ வகுப்பு நடக்கிறதென்று கண்டுபிடித்து, தம்பியையும் இழுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினாள். வரும்போது பெரிய ரப்பர் பந்து ஒன்றும் வந்தது. அதன்மேல் உட்கார்ந்து இடுப்பைச் சுழற்றுவாள்.

"ஏனம்மணி, நீ புள்ள பெக்கப் போறியா, சர்க்கஸுக்குப் போறியா?" என்று கேட்டேன். சிரித்தாளே தவிர நிறுத்தவில்லை. சூடான டீயை ஊதுகிற மாதிரி மூச்சை நீளமாக விட்டுப் பழகினாள். வலி ஏறும்போது வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று முனகவும் பழகினாள்.

கடைசியில் பார்த்தால், பிரசவ அறைக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லையாம். அவள் அம்மாவுக்கோ முழங்கால் வலி, எழுந்து நிற்கவே ஆள் வேண்டும். ஆகவே வகுப்புக்குப் போன தம்பி வெளியே நின்றான், கேலி செய்த நான் உள்ளே போனேன். போகும் முன் வராந்தாவிலேயே, இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து எப்படி அழுத்துவதென்று அவசர அவசரமாகக் காட்டிக் கொடுத்தான். எனக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

காலையில் பார்த்துவிட்டு, இன்னும் நேரமிருக்கிறது என்றார்கள். நான்கு கட்டில்களுக்கும் ஒரே சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்ல மனுஷி, உட்காரக்கூட நேரமில்லை. போகிற வருகிற போதெல்லாம், "வலி எப்படியிருக்கும்மா?" என்று இவளைக் கேட்டார்.

"பரவாயில்லீங்க சிஸ்டர்."

எங்கள் ஊரில் கை ஒடிந்து கட்டுப் போட்டிருப்பவனைக் கேட்டாலும் பரவாயில்லீங்க என்றுதான் சொல்வான். கேட்டவர் மனசு சங்கடப்படக் கூடாதாம். அதற்கு மேல் துருவித் துருவிக் கேட்க வேண்டியது கேட்டவர் பொறுப்பு. சிஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? பரவாயில்லை என்றதும் பரவாயில்லை என்றே எடுத்துக்கொண்டு, அலறிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டிலுக்கு ஓடினார்.

இவளோ கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்று, மெல்ல ஆடிக்கொண்டே மூச்சு விட்டாள். நான் இடுப்பை அழுத்தினேன். வெந்நீர்ப் பையை அடிமுதுகில் வைத்தேன். "அங்கதானுங்க... இன்னும் அழுத்துங்க" என்றாள். நிஜமாகவே அது வேலை செய்தது. நெற்றி சுருங்கும், முனகல் ஏறும், இறங்கும், முகம் தெளிந்துவிடும். கேலி செய்த வாயால் உள்ளுக்குள் அவளைப் பாராட்டிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் முகம் தெளிவது நின்றுவிட்டது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நங்கையா... எறங்குதுங்க."

நான் சிஸ்டரிடம் போனேன். சத்தியம் பண்ணியிருக்கிறேனே, குரலை அடக்கிக்கொண்டு, "ஏனுங்க சிஸ்டர், கொஞ்சம் வந்து பாத்துப்போடுங்க" என்றேன்.

அவர் அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். "வலி முத்தினா கத்துவாங்கம்மா. அது கண்ணை மூடி உறங்குதே. இவளை முடிச்சிட்டு வாறேன்."

திரும்பி வந்தேன். விரிப்பு நனைந்திருந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"கத்து அம்மணி. ஒரு வாட்டி கத்து, ஓடி வருவாங்க."

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. வலிக்காக அழுதாளா, தொடையில் விழப்போகும் அறையை நினைத்து அழுதாளா, தெரியவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "நீங்களும் வேண்டாமுங்க" என்றாள்.

துணியை விலக்கிப் பார்த்தேன். கறுப்பாகத் தலைமுடி தெரிந்தது. சத்தியமாவது ஒன்றாவது! தறிக்குடோன் மொத்தமும் என் தொண்டைக்குள் ஓட ஆரம்பித்தது.

"ஏய்! வாரியா இல்லியா? புள்ளத் தல தெரியுது!"

பக்கத்துக் கட்டிலில் அலறிக்கொண்டிருந்தவளே நிறுத்திவிட்டாள். சிஸ்டர் ஓடி வந்தார். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்திக்கொண்டே கையுறையை மாட்டினார். "ஏம்மா, வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா?"

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர்" என்றாள் லோகப்பிரியா, அந்த நிலைமையிலும். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

குழந்தை வந்தது. பெண். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. சிஸ்டர் சட்டென்று விடுவித்தார். உடம்பெல்லாம் நீலம் பாரித்து, கைகால் தொங்கியது. சத்தமே இல்லை. மேஜைக்கு எடுத்துப்போய் முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார். டாக்டரம்மா ஓடி வந்து மூக்கையும் வாயையும் துடைத்தார். "அழு மக்களே, அழு" என்று தன் ஊர்ப் பேச்சில் சிஸ்டர் குழந்தையைக் கெஞ்சினார். பிள்ளை பெறுகிறவள் கத்தினால் அடி, பிறந்தது கத்தவில்லையென்றால் கெஞ்சல். அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லோகப்பிரியா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள்.

"ஏன் சத்தமில்ல?"

அவள் பேச்சில் 'ங்க' இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் மறுபடியும் உள்ளங்காலைச் சுண்டினார். லோகப்பிரியா வாயைத் திறந்தாள். அந்தியூரில் அறை வாங்கி அடக்கியதும் இங்கே அடக்கியதும் சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

"கத்து அம்மணி! கத்து! கத்துடி!" என்று மேஜைமேல் கிடந்த மகளைப் பார்த்து அலறினாள்.

கதவுக்கு வெளியே தம்பி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அறைக்குள் யாரும் அவளை அடங்கு என்று சொல்லவில்லை.

மேஜையிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு கிறீச்சென்று மெல்லிய அழுகை. சிஸ்டர் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அழுதாச்சும்மா, அழுதாச்சு. நீ அமைதியா படு" என்றார்.

லோகப்பிரியா படுக்கவில்லை. தொண்டை கம்மிப்போயிருந்தது.

"பத்தாது அம்மணி, இன்னும் கத்து" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.