ஆறாவது சுற்று

அந்த வளைவில் இருந்தவர்கள் மூன்று பேர். சைக்கிளில் வாசுதேவன். சாலையோரப் புல்லில் முட்டிபோட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்திருந்த ரூத். ஜல்லி லாரியின் ஓட்டுநர். குழுவில் மீதி ஐந்து பேரும் அதற்குள் திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தாவுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

போலீஸ் எழுதிக்கொண்டதில் இரண்டே பேர். ரூத் சத்தம் கேட்டுப் பிறகு வந்தவள். அப்படித்தான் அவள் சொன்னாள். ஓட்டுநர் புல் பக்கம் பார்த்திருக்கவில்லை.

ஞாயிறுதோறும் கூடுவாஞ்சேரியிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்குச் சைக்கிளில் போவார்கள். செங்கல்பட்டு தாண்டிக் காப்புக்காட்டுக்குள் சாலை வளையும் இடத்தில் ரூத்துக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. மரங்களெல்லாம் கோடாக இழுபட, சைக்கிளில் போகிறவர் மட்டும் தெளிவாக நிற்க வேண்டும். அது ஒரே தடவையில் அமையாது. ஆள் வர வேண்டும், திரும்பிப் போக வேண்டும், மறுபடி வர வேண்டும்.

"இன்னாம்மா, கல்யாண ஆல்பமா எடுக்கிற? காலு கழண்டுகினு போவுது" என்றார் வாசுதேவன், ஐந்தாவது சுற்று முடிந்தபோது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுண்ணா. வெயில் இப்பத்தான் எலைக்குள்ள எறங்குது."

அவர் சலித்துக்கொண்டே செங்கல்பட்டுப் பக்கம் திருப்பினார். போகிறபோக்கில் ஏதோ கிண்டலாகச் சொல்ல அவளைத் திரும்பிப் பார்த்தார். எதிரே லாரி. அவள் விரல் தானாக அமுக்கிவிட்டது.

அதன்பிறகு ரூத் எடுத்த படங்களில் எல்லாம் இடது பக்கம் காலியாக இருந்தது. காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது எடுத்தவை: மீன்கொத்தி, எருமைகள், பள்ளிக்கூட வேன். எல்லாம் வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தன. யாரோ வந்து நுழைய வழிவிட்டதுபோல். வேண்டுமென்றே நடுவில் வைத்து எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து திரையில் போட்டால் அப்போதும் அந்த இடம் காலி.

நாற்பதாம் நாள் வாசுதேவனின் மனைவி ரோகிணி கூப்பிட்டனுப்பினாள், பெரிதாக்கி மாட்ட ஒரு படம் வேண்டுமென்று. கடற்கரையிலும் வேடந்தாங்கலிலும் எடுத்தவற்றை ரூத் போனில் காட்டினாள். ரோகிணி ஒன்றிலும் நிற்கவில்லை.

"மாட்டவா, கொளுத்தவா, அதைச் சொல்லு மொதல்ல."

"அக்கா?"

"பீச்சுக்குப் போறேன்னு போன மனுசன். வண்டி செங்கல்பட்டுப் பக்கம் பாத்துகினு கெடந்துச்சு. போலீஸ்காரரே சொன்னாரு. அவரு ஆபீஸ்ல வேலை செஞ்ச ஜெயப்பிரியா வூடு எங்க கீது தெரியுமா? செங்கல்பட்டுலதான். உங்களையெல்லாம் முன்னால அனுப்பிட்டு அவளாண்ட திரும்பிகினு கீறாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இப்படித்தானா?"

ரூத் சுவரைப் பார்த்தாள். ஆணி அடித்தாயிற்று. படம் இல்லை.

வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பழி செத்தவர்மேல் போகும், அவ்வளவுதான்.

"நான்தான்க்கா திரும்பிப் போகச் சொன்னேன். படம் எடுக்க. பின்னாடி வந்தேன்னு சொன்னது பொய்."

பையிலிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தாள். ரோகிணி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஐந்து படங்கள், ஐந்திலும் ஒரே வளைவு. பிறகு கடைசிப் படம். வாசுதேவன் முகம் முழுக்கத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் லாரியின் முன்கண்ணாடி.

"எத்தினி வாட்டி ஓட்டவுட்ட?"

"இது ஆறாவது."

"அஞ்சோட வுட்டிருக்கலாம் இல்ல?"

ரோகிணி மறுபடி அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்தாள்.

"அவளாண்ட போவல" என்றாள் ரோகிணி, தனக்கே சொல்வதுபோல். இன்னொரு முறையும் சொன்னாள். கேமராவின் மெமரி கார்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெறும் கேமராவை ரூத்தின் மடியில் வைத்தாள்.

"கெளம்பு."

ரூத் செருப்பை மாட்டுவதற்குள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு முறை திரும்பியது.