பென்குயின் ஒட்டிய கூடை

1998ஆம் ஆண்டு மே மாதம், வஞ்சிரம் கிலோ நூற்றைம்பது ரூபாய்க்கு விற்ற வாரத்தில், தாம்பரம் மார்க்கெட்டில் முத்தாலம்மாளின் கூடையிலிருந்த மீன்கள் ஐஸ் இல்லாமலே உறைந்தன. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் காலை பஸ்ஸில் வந்த கூடை அது. அதன் வெளிப்புறத்தில் பென்குயின் ஸ்டிக்கர் ஒன்றின் நாலில் ஒரு துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. பத்து மணிக்குச் சங்கரா மீனின் கண்களில் பனி படிந்தது. வாங்க வந்தவர்கள் மீனைத் தட்டிப் பார்த்துவிட்டு வழக்கம்போல் பேரம் பேசினார்கள்.

அந்த ஸ்டிக்கரை அச்சடித்தவர் துரைராஜ். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற கொள்கையுடைய மென்பொருளைப் பரப்புகிற சங்கத்தின் செயலாளர். சேலையூரில் குப்புராஜின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியறையில் சங்கம் ஞாயிறுதோறும் கூடியது. ஆறு உறுப்பினர்கள், இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரு பழைய ஏ.சி. மிஷின். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆள் சேர்ப்பதற்காக துரைராஜ் டீ-ஷர்ட், கீசெயின், ஸ்டிக்கர் எல்லாம் தயாரித்தார். மென்பொருள் இலவசம், ஸ்டிக்கர் ஐந்து ரூபாய். உறுப்பினர்கள் ஆளுக்கொன்று வாங்கி ஸ்கூட்டரில் ஒட்டினார்கள். வெயிலில் நின்ற ஸ்கூட்டர்கள் சூடாகவே இருந்தன. மீதி இரண்டு கட்டு அலமாரியில் தூங்கியது. முத்தாலம்மாளிடம் ஒன்று போனதற்குக் காரணம், மீன் வாங்கிய துரைராஜிடம் ஐந்து ரூபாய் குறைந்ததுதான். அவள் அதை மீன் வெட்டும் கத்தியால் நான்காக நறுக்கி, மூன்று துண்டுகளை அக்கம்பக்கத்துக் கடைக்காரிகளுக்குக் கொடுத்தாள். நான்கு கூடைகளும் உறைந்தன.

அதைக் கண்ட துரைராஜுக்குக் கோபம் வந்தது. உறைந்ததற்காக அல்ல, நறுக்கியதற்காக.

"அது எங்க சங்கத்தோட சின்னம். மீன் கூடைல ஒட்டறதுக்கா குடுத்தேன்?"

"படத்துல கீற பட்சியும் மீனுதானே துன்னுது? உனுக்கு இன்னா பேஜாரு சார்?" என்றாள் முத்தாலம்மாள். பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ஏ.சி. நின்றது. மெக்கானிக் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். குப்புராஜ் மாடிக்கு வந்தார். "ஏ.சி. இல்லாத ரூம்ல கம்ப்யூட்டர் போட்டா மிஷினு வெடிச்சிரும் சார். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் காலி பண்ணிருங்க. கூரியர்காரன் ரூமக் கேட்டுகினு கீறான்." வேறு அறைக்கு வழியில்லை. உறுப்பினர்களின் வீடுகளில் கம்ப்யூட்டர் வைக்க இருந்த ஒரே மேஜையில் கிரைண்டர் இருந்தது. இந்த அறை போனால் சங்கமும் போய்விடும். துரைராஜ் வெட்கத்தை விட்டு, மீன் கூடைகளை நினைத்துக்கொண்டு, ஒரு கட்டு ஸ்டிக்கர் முழுவதையும் நான்கு சுவர்களிலும் ஒட்டினார். அறை அடுப்பாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் கடைசிக் கட்டை எடுத்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு விற்கப் போனார். யாரும் வாங்கவில்லை. அதைத் திரும்பச் சுமந்து வர மனமில்லாமல், பீச் ஸ்டேஷன் ரயில் ஏறியவர்களுக்கும் பூக்காரிகளுக்கும், கூடையோடு எதிரே வந்த முத்தாலம்மாளுக்கும் சும்மாவே கொடுத்துத் தீர்த்தார். திரும்பி வந்து செருப்பை விட்டு உள்ளே கால் வைத்தவர் உடனே காலை எடுத்துவிட்டார். தரை சில்லென்றிருந்தது. சுவர்களில் பென்குயின்களைச் சுற்றி வெண்பனி. ஏ.சி.யின் பிளக் தரையில் கிடந்தது. காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்ற குப்புராஜ், "கூரியர்காரன் வந்து பாத்தான். பார்சல் ஈரமாவும்னு போய்ட்டான்" என்றார். துரைராஜ் வயர்களைத் திரும்ப மாட்டினார்.

அதன்பின் ஸ்டிக்கருக்கு விலை வைக்கவில்லை. பக்கத்து ஊரான கீழ்க்கட்டளை வரை அது பரவியது. இரண்டு வருடங்களில் சங்கத்தில் அறுபது பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் முதலில் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் செருப்புகள் குவிந்தன, உள்ளே ஸ்வெட்டர்கள். முத்தாலம்மாள் விற்காத மீனை மூலையில் வைத்துவிட்டுத் திங்கட்கிழமை எடுத்துக்கொண்டாள். குப்புராஜ் ஏ.சி.க்கான கரண்ட் சார்ஜை மட்டும் மாதம் தவறாமல் வாங்கினார். அறை குளிராகத்தான் இருந்தது என்பதால் யாரும் தகராறு செய்யவில்லை.