குலுக்கலில் விழுந்த வேஷம்

வேஷத்தைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிற நாடகக்குழு உலகத்தில் வேறெங்காவது உண்டா, தெரியாது. இந்தோனேசியாவின் தாங்கெராங் ஷூ கம்பெனிப் பெண்களின் குழுவில் அதுதான் சட்டம். கம்பெனியில் வாராவாரம் ஷிப்டு மாறும். யாருக்கு எப்போது ஓவர்டைம் விழும் என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் எல்லோருக்கும் எல்லா வசனமும் பாடம். நாடகத்துக்குக் கொஞ்சம் முன்னால் யார் வந்து சேர்ந்திருக்கிறார்களோ அவர்கள் பேரைச் சுருட்டி, உறிஞ்சுகுழல் துண்டுகளில் செருகி, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலில் போடுவார்கள். தெருவில் பெண்கள் அரிசான் என்று மாதச் சீட்டு போடுவார்களே, அச்சாக அதே மாதிரி. வேஷத்தின் பேரைச் சொல்லிக் குலுக்குவார்கள். எந்தப் பேர் விழுகிறதோ அவளுக்கு அந்த வேஷம்.

இந்தச் சட்டத்தைப் போட்டவளே தர்யாத்திதான். "எவ எங்க உக்காரணும், எவ எங்க நிக்கணும்னு அங்க சூப்பர்வைசர் முடிவு பண்றான். இங்கயும் ஒருத்தர் முடிவு பண்ணினா நாம எதுக்கு நாடகம் போடணும்?" என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள். கைதட்டல்கூடக் கிடைத்தது. இப்போது யோக்யாகர்த்தாவில், அரங்கத்துக்குப் பின்னாலிருந்த ஒப்பனை அறையில், அந்தச் சட்டத்தைப் போட்ட வாயை அவளே சபித்துக்கொண்டிருந்தாள்.

காரணம் இருந்தது. நாடகம் அவளுடைய கதை. மாதவிலக்கு நாட்களில் லீவு எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அவர்கள் கம்பெனியில் லீவு கேட்டால் கிளினிக்குக்குப் போய்த் துணியை விலக்கி நிரூபிக்க வேண்டும். தர்யாத்தி மறுத்தாள். "சாட்சி எங்கே?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "என் உடம்புக்கு நானே சாட்சி" என்றாள். கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வைத்தார்கள். சாயங்காலம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வேலை போனாலும் குழுவை அவள் விடவில்லை. 'என் உடம்புக்கு நானே சாட்சி' என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் நாடகமே கட்டியிருந்தது. நாடகத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேர் கிடையாது. வெறும் 'அவள்'.

அந்த 'அவள்' வேஷம் இத்தனை வருஷத்தில் தர்யாத்திக்கு ஒரு தடவைகூட விழவில்லை. வாட்ச்மேனாக நடித்திருக்கிறாள், டாக்டராக, மெஷினாக. ஒரு தடவை மின்விசிறியாகக்கூடச் சுற்றித் தலைசுற்றி விழுந்திருக்கிறாள். சொந்தக் கதையில் தனக்கு மட்டும் இடமில்லை. இன்றைக்கு விழுந்தே ஆக வேண்டும் என்று ரயிலேறியதிலிருந்து வேண்டிக்கொண்டு வந்தாள். வெளியே இருப்பது கம்பெனி வாசல் கூட்டமில்லை. மணிலா, பெர்லின், சியோல் என்று எங்கெங்கோ அரசாங்கத்தையும் முதலாளியையும் மேடையேற்றிக் கேள்வி கேட்கிறவர்களெல்லாம் கூடியிருக்கிற விழா. அவர்கள் முன்னால், அது என் கதை என்று ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இயக்குநர் பிரஸ்தோவோ தொண்டையைச் செருமினான். "இன்னிக்கு ஒரு நாள் பாட்டிலைத் தள்ளி வச்சுருவோமா? மெலாத்தி 'அவளா' பண்ணட்டும். இவளுக்குத்தான் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும்."

"குலுக்கல் இல்லன்னா எனக்குக் குடுங்கண்ணே," என்றாள் தர்யாத்தி. வாயிலிருந்து வந்த பிறகுதான் சொன்னது உறைத்தது. "என் கதைதானே."

மெலாத்தி புருவத்துக்கு மை தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாகவே பார்த்தாள்.

"தாராளமா எடுத்துக்கக்கா. ஆனா அடுத்த வாரம் நானும் வந்து நிப்பேன், எனக்கும் ஒரு கதை இருக்குன்னு. அப்புறம் மூக்கைச் சிந்தாத."

"உன் கதை என்னடி, கேன்டீன்ல ரெண்டாவது முட்டை கேட்டதா?"

"அதுவும் போராட்டம்தான்," என்றாள் மெலாத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் தர்யாத்தி தானே பாட்டிலை எடுத்தாள். தான் போட்ட சட்டத்தைத் தானே மீற அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் வந்தது, ஆனால் மானம் விடவில்லை.

"சூப்பர்வைசர்" என்று சொல்லிக் குலுக்கினாள். விழுந்தது அவள் பேர்.

தன்னை வெயிலில் நிறுத்தியவனின் வேஷம். விதிக்குக்கூட இவ்வளவு குசும்பு ஆகாது. பேசாமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அடுத்துக் கொடிக்கம்பம். அது மெலாத்திக்குப் போயிற்று. பிரஸ்தோவோ தலையில் கை வைத்துக்கொண்டான். 'அவள்' வேஷத்துக்கு விழுந்த பேர் எந்தின்.

எந்தின் குழுவுக்குப் புதுசு. தர்யாத்தியைவிட வயதில் மூத்தவள், பத்து வருஷமாகப் பசைப் பிரிவில் இருப்பவள். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

"வேற யாராச்சும் பண்ணுங்களேன்," என்றாள் எந்தின்.

"பாட்டில் சொன்னா சொன்னதுதான்க்கா," என்றாள் தர்யாத்தி. குரலில் இருந்த கசப்பை மறைக்கக்கூட அவள் மெனக்கெடவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பின்சுவரில் ஒவ்வொரு வசனமும் ஆங்கிலத்தில் ஒளியெழுத்தாக வந்து போயிற்று. மெஷின்கள் ஓடின, மணி அடித்தது, டாக்டர் வந்தாள், ஜனம் சரியான இடத்தில் சிரித்தது. பிறகு அந்த இடம் வந்தது. தர்யாத்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எந்தின் முன்னால் நின்றாள்.

"லீவு வேணுமா? சாட்சி எங்க?"

எந்தின் வாயைத் திறக்கவில்லை.

வசனம் மறந்தவள் மேலே பார்ப்பாள், பக்கத்தில் பார்ப்பாள். எந்தின் குனிந்து தன் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகம் நின்றுபோயிற்று. திரைக்குப் பின்னால் பிரஸ்தோவோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

தர்யாத்தியின் கை தொப்பிக்குப் போயிற்று. கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாக்கியத்தை நானே சொல்கிறேன் என்று முன்னால் வந்து நின்றால் யார் தடுக்கப் போகிறார்கள்? நாடகமும் பிழைக்கும், ஆசையும் தீரும். குழுவே நன்றிகூடச் சொல்லும். ஆனால் எந்தின் முகத்தைப் பார்த்தாள். அது மறதி இல்லை. அந்த வாக்கியத்தைச் சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நிற்கிறவளின் முகம்.

தர்யாத்தி தொப்பியை இன்னும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? சாட்சி எங்க?"

எந்தின் நிமிரவில்லை. அப்போது தர்யாத்திக்கு நிஜ சூப்பர்வைசரின் குரலே வந்தது. அதட்டல் இல்லை. அவன் அதட்டியதே கிடையாது, குழைந்துதான் பேசுவான். அதே குழைவோடு எந்தின் காதருகே குனிந்தாள்.

"எல்லாரும் காட்டுறாங்கம்மா. உனக்கு மட்டும் என்ன புதுசா வெக்கம்?"

"காட்டினேன்," என்றாள் எந்தின்.

நாடகத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை.

"மாசாமாசம் காட்டினேன். கதவைக்கூடச் சாத்த மாட்டாங்க. காலுக்கு நடுவுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, சரி போன்னு சொல்லுவாங்க. நான் தேங்க்ஸ் சொல்லிட்டு வருவேன்." அவள் குரல் கடைசி வரிசைவரை போயிற்று. எப்படிப் போயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. "ஒரு நாள் கொடிக்கம்பத்துக்கிட்ட ஒருத்தி வெயில்ல நின்னா. ஜன்னல் வழியா பாத்தேன். என்ன திமிர் இவளுக்குன்னு நினைச்சேன். நினைச்சுட்டு, கிளினிக் வரிசையில போய் நின்னேன். இனிமே நிக்க மாட்டேன். உனக்குச் சாட்சி வேணும்னா நீயே போய்த் தேடிக்கோ."

ஒளியெழுத்துப் போடுகிற பையன் திகைத்துப்போய் விட்டான். அவனிடம் இந்த வசனம் ஏது? சுவரில் சூப்பர்வைசரின் கேள்விதான் அப்படியே எரிந்துகொண்டிருந்தது: சாட்சி எங்கே? எந்தின் அதன் கீழேயே நின்றாள். மொழி தெரியாதவர்கள்கூட அதைப் படித்தார்கள், அவளைப் பார்த்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

ஆனாலும் தர்யாத்திக்கு வேஷம் வேஷம்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், கையை நீட்டி வெயிலைக் காட்டினாள். ஜனம் அவளைப் பார்த்து ஊளையிட்டது. எந்தின் நிமிர்ந்து நடந்து கொடிக்கம்பத்தடியில் போய் நின்றாள். கொடிக்கம்பம் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து, வாசலில் பொட்டலச் சோற்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பலாக்காயில் வெல்லத்தைக் கொட்டிச் சமைக்கிற ஊர்.

"இது குழம்பா, பாயசமா?" என்று மெலாத்தி முனகிக்கொண்டிருந்தபோது அந்த ஊர்ப் பெண்மணி ஒருத்தி நேராகத் தர்யாத்தியிடம் வந்தாள். தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"ஏம்மா, உனக்கெல்லாம் மனசே கிடையாதா? அந்தப் பொண்ணைப் போட்டு அந்தப் பாடு படுத்துறியே."

"வேஷம்மா," என்றாள் தர்யாத்தி.

"வேஷமோ என்னமோ, பாத்தாலே பத்திக்கிட்டு வருது." பெண்மணி எந்தின் பக்கம் திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் தணிந்தது. "இது உன் கதைதானேம்மா?"

எந்தின் பதறிப்போய்த் தர்யாத்தியைப் பார்த்தாள். பிரஸ்தோவோ பார்த்தான், மெலாத்தி பார்த்தாள். தர்யாத்தி இத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கை இந்தப் பக்கம் வந்துவிடும்.

"ஆமாம்மா," என்றாள் தர்யாத்தி. "அவ கதைதான்."

சொன்னதும் அவளுக்கு அழுகை வரவில்லை. தலையிலிருந்த தொப்பி கிரீடம் மாதிரி இருந்தது. தன்னை வேலையைவிட்டு அனுப்பியவனின் தொப்பியை மாட்டிக்கொண்டு இவ்வளவு பெருமையாக ஒருத்தி உட்கார முடியும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

பெண்மணி போனதும் எந்தின் மெதுவாகக் கேட்டாள். "வெயில்ல நின்னது நீதானே. ஏன் அப்படிச் சொன்ன?"

"ஜன்னல் வழியா நீ பாத்தேல்ல?" என்றாள் தர்யாத்தி. "அன்னிக்கு ஒருத்தருமே பாக்கலன்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்."