காணவில்லை பகுதிக்கு ஒரு திருத்தம்

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய நாளிதழ்களை ஸ்கேன் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள், காலை பதினொன்றரை மணிக்கு, 1987ஆம் ஆண்டுத் தொகுப்பின் 'காணவில்லை' விளம்பரம் ஒன்றிலிருந்து மேலப்பாளையத்து நெசவாளி ஒருவர் வெளியே வந்தார். விளம்பரத்தில் சொல்லியிருந்தபடியே மாநிறம், இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட சாரம், இடது புருவத்தில் தழும்பு. குடிக்கத் தண்ணீர் கேட்டார். மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்கேனர் வெளிச்சம் பட்டதும் ஆள் வெளியே வந்துவிடுவார்; தாளில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். வருகிறவர்கள் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே வெளியேற வேண்டும் என்று நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன்பின் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஒரே சிக்கல், எல்லாரும் அச்சில் இருந்தபடிதான் வந்தார்கள். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி ஒருவரின் உயரத்தை ஐந்தரை அடிக்குப் பதில் ஏழரை அடி என்று அச்சிட்டுவிட்டார்கள். அவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டுதான் வெளியேறினார். மகன்மார் லோடு வேன் பிடித்து வந்து படுக்க வைத்துக் கூட்டிப்போனார்கள்.

அந்த ஏழரை அடியைப் பார்த்த நாளிலிருந்து ஆவுடைத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. அடுக்கிலிருந்து தொகுப்புகளை இறக்கித் தூசி தட்டி ஸ்கேனர் கண்ணாடிமேல் விரித்துவைப்பது அவள் வேலை. சேரன்மகாதேவிக்காரி, வயது நாற்பத்தெட்டு. அவள் புருஷன் சொரிமுத்து காணாமல்போனது 2004இல். தன் தம்பி கல்யாணப் பந்தலில், முகூர்த்தம் முடிந்த பிறகு தாமதமாக வந்து நின்ற அவனைப் பார்த்து, தன் அண்ணன்மார் முன்னிலையில், "நீங்க இருந்தா என்ன, இல்லாட்டா என்ன, எங்கயாவது போய்த் தொலைங்க" என்று சொன்னவள் அவள்தான். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அதை வெளியே சொல்ல நாக்கு வராமல், விளம்பரத்தில் அவளே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள்: 'சற்று மனநிலை சரியில்லாதவர்.' இருபத்தொரு வருடமாக ஊர் அதை நம்பி அவள்மேல் இரக்கப்பட்டு வந்தது.

ஸ்கேன் வாரத்துக்கு ஒரு வருடம் என்று நகர்ந்தது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, இரண்டாயிரம். ஒவ்வொரு தொகுப்பை இறக்கும்போதும் இன்னும் எத்தனை வாரம் என்று அவள் எண்ணிக்கொண்டாள். 2004 ஜூலை முடிந்த அன்று பிரிவுப் பொறுப்பாளர் முகம்மது இப்ராஹிமின் மேசைமுன் போய் நின்றாள்.

"சார், ஆகஸ்டு பத்தொம்பதாம் தேதிய மட்டும் விட்டுரலாமா?"

"விட்டா உங்க வீட்டுக்காரரு எப்படிம்மா வருவாரு?"

"வந்தா கோட்டிக்காரரால்லா வருவாரு. அவருக்கு ஒரு கோட்டியும் கிடையாது சார். நாந்தான் பொய் எழுதிக் குடுத்தேன்." மேசையில் இருந்த பேனாவைக் காட்டிக் கேட்டாள்: "அந்த ஒரு வரிய மையால அடிச்சிரட்டுமா?"

இப்ராஹிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய தாள்ல பேனா படக் கூடாது தாயி. திருத்தம்னு ஒரு சீட்டு ஒட்டலாம். விளம்பரம் குடுத்தவங்க கையெழுத்தும் காரணமும் அதுல இருக்கணும். அதுவும் ஸ்கேன்ல ஏறும். யாரு வேணும்னாலும் படிப்பாங்க, பாத்துக்கிடுங்க."

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து எழுதிக் கொடுத்தாள். 'என் கணவர் மனநிலை சரியில்லாதவர் என்று நான் கொடுத்தது பொய். பத்துப் பேர் முன்னால் நான் பேசிய பேச்சால்தான் அவர் போனார். இப்படிக்கு, ஆவுடைத்தாய்.' இப்ராஹிம் அதைப் படித்துவிட்டுப் பசையை எடுத்துக் கொடுத்தார்.

ஆனாலும் அச்சும் கையால் எழுதியதும் ஒன்றாகுமா என்ற பயம் போகவில்லை. வெளிச்சம் ஓடியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது சொரிமுத்து மேசையருகே நின்றான். முப்பத்தொரு வயது, வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு நரை இல்லை. அவள் முதலில் அவன் கண்ணைத்தான் பார்த்தாள். தெளிவாக இருந்தது.

"அக்கா, இது எந்த ஆஸ்பத்திரி?" என்றான்.

"நாந்தாங்க. ஆவுடை."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. அவனுக்கு அந்தப் பந்தல் பேச்சு சற்றுமுன் கேட்டது.

"போய்த் தொலைங்கன்னு சொன்னேல்லா?"

"சொன்னேன்."

"பெறகு என்னத்துக்குத் தேடுனே?"

அவள் பதிவேட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

பேருந்தில் அவன் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டான். அவள் பயந்தபடி இடையில் எங்கும் இறங்கிவிடவில்லை. ஸ்கேனில் ஏறிய திருத்தத்தைப் படித்துவிட்டு அண்ணன்மார் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் அவனை அவளுடைய மகன் என்றார்கள், பிறகு வீட்டுக்காரர் என்றார்கள். ரேஷன் அட்டையில் அவன் பெயரை யாரும் நீக்கியிருக்கவில்லை. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அரிசி போட்டார். பதினோரு நாள் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாசலுக்குப் போகும்போதெல்லாம் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு அவளும் பின்னால் போய் நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை. தெருமுனை வரை போனவன் திரும்பிப் பார்த்து, "வேலை கேட்டுட்டு வாரேன். சாயங்காலம் ஆயிரும்" என்றான்.

ஐந்தே முக்காலுக்கு வந்துவிட்டான்.