“வெரி சவுண்ட்” என்றார் என்ஜினியர்

தொண்ணூற்றேழாம் வருஷம் ரெஜினா சுரங்கக் கம்பெனிக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தாள். மாசம் ஒன்றுகூட ஆகியிருக்காது, சமையலறைத் தரைக்குள்ளிருந்து யாரோ தட்டுவது கேட்டது. பட்டப்பகல். புருஷன் ஆனந்த்ராஜ் மைன்ஸுக்குப் போயிருந்தான். அரிசி களைந்துகொண்டிருந்தவள், பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் தட்டுவது தன் பாதத்துக்கு நேர் கீழே என்று உறைத்தது. ஆணி அடிக்கிற மாதிரியும் இல்லை. கதவு திறக்கக் காத்திருக்கிறவர்கள் விரல் முட்டியால் தட்டுவார்களே, அப்படி. தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தது. மறுபடி தட்டியது.

அதற்கப்புறம் அவள் தனியாக இருக்கும்போதெல்லாம் அது வந்தது. ஆனந்த்ராஜிடம் சொன்னாள். கன்வேயர் பெல்ட் இரைச்சலிலேயே காதைத் தொலைத்தவன் அவன்.

“மைன்ஸ்ல மெஷின் ஓடுது, நெலம் அதிராம என்னா பண்ணும்? எல்லா வூட்லயுந்தான் அதிரும்.”

“அதிர்றது இல்லீங்க. தட்டுது.”

மறுபடியும் சொன்னபோது அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், நெல்லிக்குப்பத்திலிருந்த மாமியாரிடம், “ஒங்க பொண்ணுக்கு இல்லாததெல்லாம் காதுல கேக்குதாம்” என்று சொல்லிவிட்டான். அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். செய்தி ரெஜினாவின் காதுக்கே திரும்பி வந்தது. அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மெயின்டனன்ஸ் ஆபீசுக்குப் போய், சமையலறைத் தரை சரியில்லை, வந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வடக்கத்தி என்ஜினியர் ஒருவர் வந்தார். மிஸ்ரா என்று பெயர். ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, தமிழ் வராது. கூடவே சூப்பர்வைசர் சிவப்பிரகாசம். சிவப்பிரகாசம் ரெஜினாவைத் தோட்டத்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, சாக்கடை எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மிஸ்ரா மட்டும் உள்ளே மண்டியிட்டுச் சின்னச் சுத்தியலால் தரையைத் தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

“சவுண்ட்” என்றார் சிவப்பிரகாசத்திடம். “வெரி சவுண்ட்.”

ரெஜினாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. “கேட்டுச்சுங்களா சார்? ஒங்களுக்கும் கேட்டுச்சுங்களா?”

“எஸ், எஸ்” என்று சிரித்துத் தலையாட்டிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

இரவு ஆனந்த்ராஜிடம் சொன்னாள். “எனக்கு ஒண்ணும் ஆவல. அவ்ளோ படிச்சவரே சவுண்டுன்னுட்டாரு.” அந்த வாரம் முழுக்க அவள் நன்றாகச் சாப்பிட்டாள். தரை தட்டினால்கூட, “இரு, வேலையா இருக்கேன்” என்று சொல்லுமளவுக்கு பயம் விட்டுப்போயிருந்தது.

எதிர்வீட்டு எவாஞ்சலின் டீச்சர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுப்பவர். வேலியோரம் நின்று ரெஜினா சந்தோஷமாகச் சொன்னதைக் கேட்டு அவர் தயங்கினார்.

“ரெஜினா, அவர் சொன்னது வேற சவுண்டா இருக்கும்மா. சத்தம்ங்கிறது பெயர்ச்சொல்லா வரும்போது. பெயரடையா வந்தா அர்த்தமே வேற. கட்டடம் சவுண்டுன்னா, விரிசல் கிரிசல் இல்லாம கெட்டியா இருக்குன்னு. உடம்பு சவுண்டுன்னா நோய்நொடி இல்ல. சவுண்ட் ஸ்லீப்னா, எந்தச் சத்தத்துக்கும் முழிக்காத தூக்கம்.”

“சத்தம் கேக்காததுக்கும் சவுண்டா டீச்சர்?”

“ஆமா.”

“மனுசங்க புத்திக்கும் சொல்லுவாங்களா?”

“சொல்லுவாங்க. சவுண்ட் மைண்ட். புத்தி பிசகாம இருக்கிறது.” சொல்லிவிட்டு டீச்சரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரெஜினா அன்று அடுப்பே மூட்டவில்லை. தட்டுவது கேட்டது. இனி கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் டீச்சருக்கே மனசு பொறுக்கவில்லை. “வா, அவர்கிட்டயே நேர்ல கேட்டுடலாம்” என்று ஆபீசுக்கு அழைத்துப் போனார்.

டீச்சர் இங்கிலீஷில் கேட்டார். மிஸ்ரா சிரித்தபடி, தரை உறுதியாக இருக்கிறது, அடியில் காலி இடம் எங்கேயும் இல்லை, அதைத்தான் சொன்னேன் என்றார். டீச்சர் அதைத் தமிழில் சொல்ல, ரெஜினா எழுந்துவிட்டாள். அப்போது மிஸ்ரா ஏதோ கேட்டார். டீச்சர் உடனே மொழிபெயர்க்கவில்லை.

“என்னா சொல்றாரு டீச்சர்?”

“அன்னைக்கு அவர் சுத்தியலால தட்டத் தட்ட, அடுத்த ரூம்லேர்ந்து நீ பதிலுக்குத் தட்டிக்கிட்டே இருந்தியாம். எதுக்குன்னு கேக்கிறார்.”

பக்கத்து மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த சிவப்பிரகாசம் நிமிர்ந்தார். “இந்தம்மா எங்கூட இல்ல நின்னுக்கினு இருந்தாங்க, கொழாயாண்ட? வூட்டுக்குள்ள யாரு இருந்தா?”

“யாருமில்லீங்க” என்றாள் ரெஜினா.

டீச்சர் அதை இங்கிலீஷில் சொன்னார். மிஸ்ராவின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

ஷிப்ட் முடிந்து வந்த ஆனந்த்ராஜிடம் டீச்சரே எல்லாவற்றையும் சொன்னார். நேரே சமையலறைக்குப் போய்க் குத்துக்காலிட்டு, உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்தான். அவன் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. ரெஜினா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, சுடுதண்ணீர் பட்டவன்போல் கையை வெடுக்கென்று இழுத்தான். கையைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“வேற வூடு கேட்டுடறேன்” என்றான். பிறகு அவளைப் பார்க்காமலே, “ஒங்கம்மாவுக்கு நானே போன் பண்றேன்” என்றான்.

தோட்டத்தோடு தனிவீடு ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார்கள். ரெஜினா மாட்டேன் என்றுவிட்டாள். “மாடி வூடா கேளுங்க. கீழ ஆளுங்க குடியிருக்கணும்.”

அப்படியே ஒன்று கிடைத்தது. குடிபோன மறுநாள் காலை சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, காலடியில் தொம் தொம்மென்று சத்தம் எழுந்தது. கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தடதடவென்று மாடிப்படி இறங்கி ஓடினாள். கீழ்வீட்டு ராஜாம்பாள் உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் மேல வருதாம்மா? நிறுத்திடட்டுமா?”

“வேணாங்க, இடிங்க” என்று ரெஜினா மூச்சு வாங்க வாசல்படியில் உட்கார்ந்தாள். மிளகாய் நெடி ஏறித் தும்மல் வந்தது. தும்மிக்கொண்டே, உலக்கை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.