புது ஃபில்டர்

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, வல்லம் வடகாலில், 2006-இல் பதிவான ஒரு வெள்ளை கார் கிளம்பவில்லை.

காருக்குள் இருந்தவள் சசிகலா. ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வந்திறங்கும் சரக்கைச் சோதித்து எடுப்பது அவள் வேலை. பத்து மணிக்கு அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். மறுநாளோடு முடிகிறது. போன முறை ரிவர்ஸ் எடுக்கையில் கம்பத்தில் இடித்து ஃபெயிலாகியிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன் மெயின் ரோடு வரை இருட்டில் தனியாக நடக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை.

நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திறங்கிய அவள் கணவன் கலைமணி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பானெட்டைத் திறந்தான். கார் கம்பெனி ஒன்றின் லைனில் பெட்ரோல் குழாய்களை மாட்டுகிறவன் அவன். பதினாறு வருடமாக லைனில் அதே இடம், அதே ஸ்டேஷன்.

"செல்ஃப் நல்லா சுத்துது. பேட்டரி பிரச்சின இல்ல," என்றான். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். "பொறியும் வருது."

பக்கத்து வீட்டு நாகப்பன் டீ டம்ளரை மதில் மேல் வைத்துவிட்டுச் சாய்ந்து நின்றார். குடோன் ஒன்றில் செக்யூரிட்டி; அன்று வார லீவு.

"லைன்ல நிமிசத்துக்கு ஒரு காரு உடுறேன்னு சொல்லிகினு இருப்ப. வூட்ல கீறது ஒரே காரு, அது நிக்குது. தள்ளிப் பாக்கலாமா தம்பி?"

"தள்ளினா பெட்ரோல் வருமாண்ணே? நீ டீய குடி."

கலைமணி பின்பக்கம் போய், சீட்டில் காதை வைத்தான். "சசி, சாவிய பாதி திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத."

சீட்டுக்கடியில் வண்டு ரீங்கரிப்பதுபோல் இரண்டு விநாடி சத்தம் வந்து நின்றது. பம்ப் ஓடுகிறது. அடுத்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, வெட்டிய தண்ணி பாட்டிலுக்குள் விட்டான். அவள் மறுபடி சாவியைத் திருப்பினாள். ஒரு சொட்டுகூட வரவில்லை.

"பம்ப் வீக்காயிடுச்சுமே. சத்தம் போடுது, தள்ள முடியல. பின் சீட்ட தூக்கி, டேங்க்க தொறக்கணும்."

"எம்மா நேரம் ஆவும்?"

"மத்தியானம் ஆயிடும்."

சசிகலா காரைவிட்டு இறங்கினாள். "நேத்து சாயங்காலம் ஓடிச்சா இல்லியா?"

"ஓடிச்சு. ஏரிக்கர மேட்டுல திணறிச்சு, ஆனா ஓடிச்சு."

"அதுக்கப்புறம் இன்னா மாறிச்சு? எங்க கம்பெனில ஓடிகினு இருந்த மெஷின் நின்னா மொதல்ல அத்ததான் கேப்போம்."

கலைமணி பாட்டிலைப் பார்த்தான். திணறல் போக வேண்டும், டெஸ்டில் அவளுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று நேற்று மாலை பெட்ரோல் ஃபில்டரை மாற்றியிருந்தான். மாட்டி முடிக்கவும் ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது. ஸ்டார்ட் செய்து பார்க்காமலே ஓடிப்போய் ஏறினான்.

"ஃபில்டரு மட்டுந்தான்," என்றான். "அது புதுசு. பாக்கெட்ட பிரிச்சு போட்டது."

"புதுசுன்னா? தெனம் புதுசதான்யா நான் ரிஜெக்ட் பண்ணிகினு கீறேன்."

"என் கையால மாட்டினதுமே."

"அதனாலதான் கேக்கறேன்."

நாகப்பன் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டார்.

கலைமணி காருக்கடியில் படுத்தான். ஃபில்டருக்கு முன்னால் இருந்த இணைப்பைத் தளர்த்தி பாட்டிலைப் பிடித்தான். சாவி திரும்பியதும் பெட்ரோல் பீய்ச்சி அடித்து அவன் முழங்கை நனைந்தது. டேங்கும் பம்பும் சரி. ஃபில்டர் வரை வருகிற பெட்ரோல் அதற்கப்பால் போகவில்லை. வேறு வழியில்லாமல் அதைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்ரோல் வெளியேறும் முனையின் வாய்க்குள், விளிம்போடு விளிம்பாக, கறுப்பாக ஏதோ இருந்தது. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தி இழுத்தாள். விரல்நகம் அளவு ரப்பர் அடைப்பான் கையோடு வந்தது. தூசி போகாமலிருக்கத் தயாரிக்கும் இடத்திலேயே வைத்து அனுப்புவது.

"இது இன்னா?"

கலைமணிக்கு அது என்னவென்று தெரியும். "அத்த எடுக்கறது என் ஸ்டேஷன் வேல இல்ல," என்றான் மெதுவாக. "எனுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல எடுத்துருவாங்க. என் கைக்கு வரும்போது தொறந்துதான் வரும்."

"முன்னாடி ஸ்டேஷன்ல அப்போ யாரு இருந்தா?"

அவன் சிரித்துவிட்டான். 2011-இல் அந்த ஸ்டேஷனில் டிரெய்னியாக நின்றவள் சசிகலா. அவள் அடைப்பானை எடுத்துவிட்டுக் குழாயை நீட்டுவாள், அவன் வாங்கி மாட்டுவான். லைனில் பேசக் கூடாது. அவன் நிமிர்ந்து பார்க்கவும் மாட்டான். ஒருநாள் அவள் வேண்டுமென்றே ஒன்றில் அடைப்பானை எடுக்காமல் நீட்டினாள், இதற்காவது பார்க்கிறானா என்று. அவன் கவனிக்காமல் மாட்டப் போனான். அவள்தான் பதறி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதன்பிறகு பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

"இன்னும் நீ அத்த பாக்கறதே இல்லய்யா," என்றாள்.

"எடுத்துக் குடுக்கத்தான் நீ கீறியே."

"கல்யாணம் ஆயி இம்மாம் வருசம் ஆச்சு," என்றார் நாகப்பன். "மணியப் பாருங்க ரெண்டு பேரும்."

மணி ஒன்பது பத்து. கலைமணி ஃபில்டரை அம்புக்குறி பார்த்து மாட்டினான். இந்த முறை ஒவ்வொரு முனையையும் அவளிடம் காட்டி, அவள் தலையசைத்த பிறகே குழாயைச் செருகினான். சிந்திய பெட்ரோலைத் துடைத்தார்கள். வாடை போகும் வரை பானெட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள். குழாயில் பெட்ரோல் நிரம்புவதற்காக அவள் சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினாள், மறுபடி திருப்பி நிறுத்தினாள். மூன்றாவது முறை முழுதாகத் திருப்பினாள். இன்ஜின் இருமி, பிடித்தது.

கலைமணி பெட்ரோல் வாடையோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். பென்னலூர் தாண்டுமுன் அவனுக்குக் கண் சொக்கியது.

"தூங்காத. எல்.எல்.ஆருய்யா எனுக்கு. பக்கத்துல லைசென்ஸ் வச்சவன் முழிச்சிகினு இருக்கணும்."

"முழிச்சிகினுதான் கீறேன். தேர்டு போடு."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெஸ்ட் நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பதினொன்றரைக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். சசிகலா முன்னால் எடுத்தாள், திருப்பினாள், ரிவர்ஸ் எடுத்தாள். கம்பத்தில் இடிக்கவில்லை. பாஸ் என்றார்கள்.